பாப்பா என்னும் சொல்

மலர்க் குழுவினர் நம்மிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். நம் கோவில் எழுந்த கதையும், இங்கே பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசையும், மணிக்கூண்டு கட்டிய காலத்துச் சிரமங்களும் இம்மலரின் பிற பக்கங்களில், அவற்றை நேரில் கண்ட பெரியவர்களாலேயே எழுதப்பட்டுள்ளன. அவற்றைத் திரும்பச் சொல்லித் தாளை நிரப்ப நமக்கு மனமில்லை. ஊருக்கு வரலாறு உண்டு, கோவிலுக்கு வரலாறு உண்டு. அதுபோல நாம் நாள்தோறும் வாயால் வழங்கும் சொற்களுக்கும் வரலாறு உண்டு. அப்படிப்பட்ட ஒரு சொல்லின் வரலாற்றையே இங்கு எழுதத் துணிந்தோம்.

அந்தச் சொல் 'பாப்பா'.

தமிழ் வீட்டில் பாப்பா என்றால் தொட்டிலில் கிடக்கும் குழந்தை. ரோமையில் பாப்பா என்றால் புனித இராயப்பரின் இருக்கையில் வீற்றிருக்கும் திருத்தந்தை. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் கெச்சுவா மொழி பேசும் உழவனிடம் கேட்டால், பாப்பா என்பது அவன் தோட்டத்தில் விளையும் உருளைக்கிழங்கு. வடமொழியில் 'பாப' என்பது தீமை, பாவம். நியூசிலாந்தின் ஆதிக்குடிகளான மவோரி மக்களுக்கோ 'பப்பா' என்பது காலடியில் கிடக்கும் பூமி. குறிலும் நெடிலும் அங்கங்கே சற்று மாறும். காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. குழந்தை, குருபீடத்தின் தலைவர், கிழங்கு, பாவம், பூமி! இவற்றை ஒரே நூலில் கோக்க யாரால் முடியும்?

முடியும் என்று சொல்வோரும் உண்டு. ரோமாபுரியார் நம் பாப்பாவைத்தான் எடுத்துப் பாப்பாண்டவர் ஆக்கிக்கொண்டார்கள், உலகத்துச் சொற்களெல்லாம் தமிழிலிருந்து கிளம்பியவையே என்று மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறோம். உலகத்தாரின் பாபத்தை மன்னிக்கும் அதிகாரம் பெற்றவராதலால் பாப்பா எனப்பட்டார் என்று பக்தியோடு விளக்கிய பிரசங்கத்தையும் கேட்டிருக்கிறோம். அதே ஒலியை வைத்துக்கொண்டு ஏளனமாகச் சிலேடை பேசுவோரும் இல்லாமல் இல்லை. பெருமை பேசியவர், பக்தி பேசியவர், ஏளனம் பேசியவர் ஆகிய மூவரும் செய்தது ஒன்றே: காதில் விழுந்ததைக் கொண்டு உறவு சொன்னார்கள்.

பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து ஞானஸ்நானப் பதிவேடு எழுதும் நமக்கு இது சரிப்படாது. இரண்டு பிள்ளைகள் ஒரே சாடையாக இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களை உடன்பிறந்தவர்கள் என்று பதிவேட்டில் எழுத முடியுமா? தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி வேண்டும். சொல்லுக்கும் அதுவே முறை. எந்த மொழியில், எந்த நூற்றாண்டில், யார் வாயில் பிறந்தது, எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்க்கப் புகுந்தால், ரோமைப் பாப்பாவின் பிறப்பு கிரேக்க நாட்டு வீடுகளுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

கிரேக்கத்தில் 'பப்பாஸ்' என்பது சிறு பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடும் சொல். ஹோமரின் ஒடிசி காவியத்தின் ஆறாம் பாகத்தில் நௌசிக்கா என்ற இளவரசி வருகிறாள். ஆற்றுக்குப் போய்த் துணி துவைத்துவர அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். மனத்தில் கலியாண நினைவு; அதைச் சொல்ல வெட்கம். அரசனாகிய தந்தையிடம் போய் நின்று, 'அரசே' என்று அழைக்காமல் 'பப்பா' என்று அழைத்தே வண்டியைக் கேட்கிறாள். மகள் மனத்தில் இருப்பதைத் தகப்பன் புரிந்துகொள்கிறார், வண்டியும் கிடைக்கிறது. எழுத்தில் இச்சொல்லை நாம் காணும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் அப்பாவிடம் காரியம் சாதிக்கும் விதம் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை என்று தெரிகிறது!

இலத்தீன் வீடுகளிலோ, குழந்தை 'பப்பா' என்று அழுதால் தகப்பனைத் தேடுகிறது என்று பொருளல்ல, பசிக்கிறது என்று பொருள். சோறு கேட்கும் மழலைச் சொல் அது. இன்றும் இத்தாலியத் தாய்மார் குழந்தைக்கு ஊட்டும் குழைந்த உணவுக்கு 'பப்பா' என்றே பெயர். நம் வீடுகளில் குழந்தை 'மம்மு' கேட்பதுபோல.

ஏன் இப்படி? இதற்கு விடை கூறியவர் ரோமான் யாகப்சன் என்ற மொழியியல் அறிஞர். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து 1982-இல் மறைந்தவர். அவருக்கு முன்பாக ஜார்ஜ் மர்டாக் என்ற மானிடவியல் அறிஞர் உலகத்து மொழிகள் பலவற்றிலிருந்து தாயைக் குறிக்கும் சொற்கள் 531, தந்தையைக் குறிக்கும் சொற்கள் 541, ஆக 1072 சொற்களைத் திரட்டி வைத்திருந்தார். தொடர்பே இல்லாத மொழிகளிலும் தாய்க்கு மகர ஒலியும் தந்தைக்குப் பகர, தகர ஒலிகளும் மிகுதியாக வருவதை அந்தத் தொகுப்பு காட்டிற்று. 1960-இல் வெளியான தம் கட்டுரையில் யாகப்சன் காரணத்தை விளக்கினார். பல் முளைக்காத குழந்தைக்கு முதலில் கைவருவது உதடுகளை மூடித் திறக்கும் ஒலிகள். வாய் முலையில் பதிந்திருக்கும்போதே மூக்கின் வழியாக எழக்கூடியது 'ம்' என்ற முனகல். அது தாய்க்கும் உணவுக்கும் பெயராகிவிடுகிறது. உதட்டைத் திறந்து விட்டால் 'ப', 'பா'. குழந்தைக்கு அது வெறும் விளையாட்டு. தொட்டிலருகே நிற்கும் பெரியவர்கள்தாம் 'என்னைக் கூப்பிடுகிறான்' என்று மகிழ்ந்து, அந்த ஒலிக்குப் பொருளை ஏற்றி வைக்கிறார்கள்.

பொருள் ஏற்றுவோர் பெரியவர்களாதலால், ஊருக்கு ஊர் பொருள் வேறுபடுவதில் வியப்பில்லை. துருக்கியிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியிலும் 'பாபா' என்றால் தந்தை. ரஷ்யாவில் 'பாபா' என்றால் கிழவி. இவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜியா நாட்டு மொழி. அங்கே 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய், 'பாப்பா' என்றால் தாத்தா! கர்த்தர் கற்பித்த செபத்தையே அவர்கள் 'மாமாவோ' என்றுதான் தொடங்குகிறார்கள். தாய்மாமன் சீரோடு வந்து நிற்கும் நம் ஊரில் அந்தச் செபத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் ஜார்ஜியக் குழந்தைக்கு அதில் விநோதம் ஒன்றுமில்லை. தகப்பனை அழைக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, தமிழ்ப் பாப்பாவும் கிரேக்கப் பப்பாவும் ஒன்று மற்றொன்றைப் பெற்றதுமில்லை, ஒரு தாய் வயிற்றில் பிறந்ததுமில்லை. இரு நாட்டுக் குழந்தைகளும் ஒரே மாதிரி உதட்டைத் திறந்தன. கிரேக்கத் தகப்பன் அது தன் பெயர் என்றான். தமிழ்த் தாய் அந்த ஒலியை எழுப்பிய குழந்தைக்கே அதைப் பெயராக்கிக் கொஞ்சினாள். நம் வழக்கமே அழகானது என்பது நம் கருத்து. சொன்னவனுக்கே சொல்லைக் கொடுத்துவிட்டோம் அல்லவா?

இனி அந்தக் கிரேக்கச் சொல் திருச்சபைக்குள் வந்த கதை. இதுதான் நம் பங்கு மக்கள் பலரும் அறியாதது.

முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆயரைப் பிரபு என்றோ அரசர் என்றோ அழைக்கவில்லை. வீட்டில் அப்பாவைக் கூப்பிடும் சொல்லாலேயே கூப்பிட்டார்கள். அதுவும் ரோமை ஆயரை மட்டுமல்ல. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த ஹெராக்ளாஸ் என்பவரை, அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த தியோனீசியுஸ் 'பாப்பா' என்றே தம் கடிதத்தில் குறிப்பிடுகிறார். வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் அக்கடிதத்தை நமக்குக் காத்துத் தந்திருக்கிறார்.

இன்னொரு சான்று மனத்தைத் தொடுவது. கி.பி. 250 சனவரியில், தேசியுஸ் மன்னனின் கலாபனையில் ரோமை ஆயர் புனித பபியான் வேதசாட்சியாக மரித்தார். ஓராண்டுக்கு மேல் புதிய ஆயரைத் தேர்ந்தெடுக்க முடியாத நிலை. தகப்பனற்ற அந்தச் சபையின் குருக்களும் தியாக்கோன்களும் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயராகிய புனித சிப்பிரியானுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கடிதத்தின் தலைப்பில் அவரை எப்படி விளிக்கிறார்கள் தெரியுமா? 'பாப்பா சிப்பிரியான்' என்று! ரோமைக் குருக்களே வேறொரு நகரத்தின் ஆயரைப் பாப்பா என்கிறார்கள். அதில் எவருக்கும் தவறு தோன்றவில்லை. சிப்பிரியான் பின்னர் 258-இல் தலை வெட்டுண்டு இறந்தார்.

நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அப்படியே. புனித எரோணிமுஸ் புனித அகுஸ்தினாருக்கு எழுதிய கடிதங்களில் 'பாப்பா அகுஸ்தினார்' என்று விளிக்கிறார். எரோணிமுஸ் வயதில் மூத்தவர். அதிலும் அக்கடிதங்கள் சிலவற்றில் இருவருக்கும் வேத வியாக்கியானம் பற்றிய கடுமையான வாக்குவாதம். கோபம் கொப்பளிக்கும் கடிதத்தின் தலைப்பிலும் தம்மைவிட இளையவரை 'அப்பா' என்று அழைக்கும் மரியாதை மட்டும் குறையவில்லை. நம் ஊர்ச் சண்டைகளை நினைத்துக்கொண்டோம்.

ரோமை ஆயரைப் பாப்பா என்று குறிக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று ஏட்டில் இல்லை, கல்லில் இருக்கிறது. ரோமையின் அப்பியா சாலையோரம் புனித கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறைகள் உள்ளன. அங்கே செவேருஸ் என்ற தியாக்கோன் தம் குடும்பத்துக்கென இரட்டை அறைகொண்ட ஒரு கல்லறை வெட்டினார். தம்முடைய பாப்பாவாகிய மார்செல்லீனுசின் உத்தரவு பெற்றே இதைச் செய்ததாகக் கல்லில் பொறித்து வைத்தார். மார்செல்லீனுஸ் 296 முதல் 304 வரை ரோமை ஆயராக இருந்தவர். பாப்பா என்ற சொல் அங்கே முழுதாகக்கூட எழுதப்படவில்லை. இரண்டு பகர எழுத்துகளாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் அவ்வளவு பழகிய சொல் போலும்! அதே கல்லில், அந்தக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட செவேரா என்ற மகளின் பெயரும் இருக்கிறது. பத்து வயது நிரம்பவில்லை. வாழ்ந்த ஆண்டுகள், மாதங்கள், நாட்கள் வரை எண்ணிப் பொறித்திருக்கிறார் தகப்பன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்தாம் நாட்களை எண்ணுவார்கள். ஒரே கல்லில் ஒரு பாப்பாவின் பெயர், அவரது சபையில் இறந்த ஒரு சிறுமியின் பெயர். தமிழ் தெரிந்தவன் இதைப் படிக்கும்போது அந்தச் சொல் இருமுறை ஒலிக்கிறது. மொழி நூலார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாமும் அதை உறவு என்று வாதாட வரவில்லை.

பொதுச் சொத்தாக இருந்த பெயர், மேற்கில் சிறிது சிறிதாக ஒருவருக்கே உரியதாயிற்று. 1075-இல் ஏழாம் கிரகோரியார் காலத்து ஆவணம் ஒன்றில் 27 சிறு வாக்கியங்கள் உள்ளன. மன்னர்களோடும் பேரரசரோடும் திருச்சபை மல்லுக்கு நின்ற காலம் அது. அவற்றுள் ஒரு வாக்கியம், இந்தப் பெயர் உலகில் ஒன்றே ஒன்று என்கிறது. வீட்டுக்கு வீடு இருந்த சொல்லுக்கு வேலி போட்டது அந்த வாக்கியம்.

ஆனால் வேலி மேற்குக்குத்தான். எகிப்தின் காப்டிக் திருச்சபையின் தலைவரும், அலெக்சாந்திரியாவின் கிரேக்கப் பிதாப்பிதாவும் இன்றும் பாப்பா என்ற பட்டத்தை உடையவர்களே. 1973 மே மாதத்தில் காப்டிக் பாப்பா மூன்றாம் ஷெனூடா ரோமைக்கு வந்து திருத்தந்தை ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தபோது, ஒரே பெயர்கொண்ட இரு தகப்பன்மார் பல நூற்றாண்டுப் பிரிவுக்குப்பின் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். கிரேக்க நாட்டிலோ கிராமத்துச் சாதாரணக் குருவுக்கும் இன்றுவரை 'பப்பாஸ்' என்றே பெயர். கடைசி அசையை அழுத்திச் சொன்னால் ஊர்க் குரு. முதல் அசையை அழுத்திச் சொன்னால் ரோமைத் திருத்தந்தை. அழுத்தம் தவறினால் பதவி மாறிவிடும்! கிரேக்கர்களிடையே பெருவழக்கான பப்பாதோபுலோஸ் என்ற குடும்பப் பெயருக்குக் 'குருவின் மகன்' என்பதே பொருள். கீழைத் திருச்சபையில் மணமானவர்களும் குருக்களாகலாம் அல்லவா? ரஷ்யாவில் இச்சொல் 'போப்' என்று தேய்ந்து, ஊர்க் குருவைச் சற்று இளக்காரமாகச் சொல்லும் சொல்லாயிற்று. ஜெர்மானியரிடம் 'ப்ஃபாஃபே' ஆகி, முன்பு மரியாதையாக இருந்தது, லூத்தர் காலத்துக்குப்பின் வசைச்சொல்லாயிற்று. ஒரு சொல் மேலே ஏறுவதும் கீழே விழுவதும் அதைச் சுமப்பவர்களின் நடத்தையைப் பொறுத்தது என்று குருக்களாகிய நாம் இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

மற்ற மூன்று பாப்பாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை இந்தக் குடும்பத்தைச் சேராதவை. ஆண்டீஸ் மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்த கிழங்கின் பெயர் 'பாப்பா'. 1553-இல் செவில் நகரில் அச்சான தம் நூலில் சியேசா தே லெயோன் என்ற ஸ்பானியர் அக்கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். கரீபியன் தீவுகளில் ஸ்பானியர் முன்பே கண்டிருந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கின் பெயர் 'பத்தாத்தா'. இரண்டு கிழங்கும் குழம்பி, இரண்டு பெயரும் குழம்பி, ஸ்பெயினில் 'பத்தாத்தா'வும் ஆங்கிலத்தில் 'பொட்டேட்டோ'வும் தங்கிவிட்டன. தென் அமெரிக்காவின் ஸ்பானிய மொழியிலோ கெச்சுவாப் பெயரே நிலைத்தது. ஆகவே அங்கே ஸ்பானிய மொழியில் 'எல் பாப்பா' என்றால் திருத்தந்தை, 'லா பாப்பா' என்றால் உருளைக்கிழங்கு, கடைசியில் அழுத்தி 'பப்பா' என்றால் வீட்டு அப்பா. 2013-இல் அர்ஜென்டினாவின் கர்தினால் ஒருவர் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனபோது, அவர் பிறந்த நாட்டு மக்கள் இந்த மூன்றையும் நாள்தோறும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவரும் குழம்பவில்லை. நம் அண்டை வீட்டுத் தெலுங்கில் 'போப்பு' என்றால் தாளிப்பு. நாம் அதைக்கொண்டு யாதொரு தத்துவமும் பேசுவதில்லையே!

வடமொழிப் 'பாப' வேத காலத்துச் சொல். வடமொழியும் கிரேக்கமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மை; ஆனாலும் இந்த இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. ஒன்று தீமையின் பெயர், மற்றது மழலை. ஒரே குடும்பத்து மொழிகளுக்குள்ளேயே ஒலி இப்படி ஏமாற்றும் என்றால், கடல் கடந்த மொழிகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா? அந்தப் பாபம் தமிழில் 'பாவம்' ஆகித் திருக்குறளிலேயே இடம்பெற்றுவிட்டது. நம் முன்னோர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டதும் அதற்காகவே. இரக்கப்பட்டு 'ஐயோ, பாவம்' என்கிறோமே, அதுவும் அதே சொல்தான். குற்றத்தின் பெயர் தமிழில் இரக்கத்தின் பெயரும் ஆனது என்று பெருமைப்பட இடமுண்டு. இந்தப் பெருமைக்குச் சான்று இருக்கிறது. மவோரி மக்களின் பப்பாவோ அகன்று பரந்த தரை. அவர்களது பழங்கதையில் வானம் தந்தை, பப்பா தாய்.

ஒலி ஒன்றாயிருந்து உறவில்லாதவற்றைப் பார்த்தோம். ஒலி வேறாயிருந்து எண்ணம் ஒன்றானதையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம் பேச்சில் கண்ணின் மணியைக் 'கண் பாப்பா' என்கிறோம். நூல் வழக்கில் அது 'பாவை'. பாவை என்றால் பொம்மையும் பெண்ணும்கூட. இலத்தீனில் கண்மணிக்குப் பெயர் 'புப்பில்லா', அதாவது சின்னப் பொம்மை, சிறுமி. கிரேக்கத்தில் 'கோரே', அதுவும் சிறுமி. எபிரேயத்தில் 'ஈஷோன்', சின்ன மனிதன் என்று அதற்குப் பொருள் கூறுவர். கண்மணிபோல் எம்மைக் காத்தருளும் என்னும் சங்கீதத்தில் வருவது அச்சொல்லே. பழைய இலத்தீன் இரவுச் செபத்தில் குருக்கள் நாள்தோறும் சொல்லிவந்ததும் அதே விண்ணப்பம்தான். ஒருவருக்கொருவர் கேட்டுச் சொன்னார்கள் என்று கொள்ளவேண்டுமா? வேண்டாம். யாருடைய கண்ணுக்கு மிக அருகே போய் நின்றாலும் அதற்குள் நம் உருவம் சின்னஞ்சிறு பொம்மையாகத் தெரியும். அவ்வளவு அருகில் போய்ப் பார்ப்பவர் தாயும் பிள்ளையும்தாம். எல்லா நாட்டிலும் தாய் இருந்தாள். எல்லா நாட்டிலும் அந்தப் பெயர் பிறந்தது.

இனித் தமிழ்த் திருச்சபைக்கு வருவோம். ரோமைப் பாப்பா என்னும் சொல் மிஷனரிமார் வாயிலாக நம்மிடம் வந்தபோது, நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு பாப்பா தொட்டிலில் இருந்தது. சங்கடம்தானே? 'பாப்பு' என்று சற்று மாற்றினார்கள். அதுவும் மரியாதைக்குப் போதாதெனத் தோன்றியிருக்கவேண்டும். 'பாப்பாண்டவர்' என்றார்கள், 'பாப்பரசர்' என்றார்கள், 'பாப்பிறை' என்றார்கள். ஆண்டவர், அரசர், இறை! மலையாளத்தாரும் சளைத்தவர்களல்லர், பிரபு என்று பொருள்படும் 'மார்' என்ற சீரியச் சொல்லை முன்னே சேர்த்து 'மார்ப்பாப்பா' என்று வழங்குகிறார்கள். அப்பா என்று பொருள்படும் மழலைச் சொல் ஒன்று கடல் கடந்து வந்து நம் நாட்டில் முடிசூடிக்கொண்டது.

முன்னோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் காலத்தில் ரோமை ஆயர் உண்மையிலேயே ஓர் அரசர்தாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இத்தாலியின் நடுப்பகுதியை ஆண்டுவந்த அந்த அரசு 1870 செப்டம்பர் 20-இல்தான் முடிவுற்றது. இன்றுள்ள சிறிய வத்திக்கான் நாடு 1929-இல் உண்டானது. மும்முடி தரித்த படத்தைப் பார்த்தவர்கள் அரசர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? அந்த மும்முடியை ஆறாம் சின்னப்பர் 1964 நவம்பரில் ஏழைகளுக்கென்று பீடத்தின்மேல் கழற்றி வைத்தார். 1978-இல் முதலாம் அருள் சின்னப்பர் முடிசூட்டு விழாவே வேண்டாம் என்றுவிட்டார். அதன்பின் எவரும் சூடவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைப் பங்கு மக்கள் கவனிக்க வேண்டுகிறோம். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், சூசையப்பர்: நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் அப்போஸ்தலர்களுக்கும் சூசை முனிவருக்கும் 'அப்பர்' உண்டு. பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவர். அதைச் 'சின்ன அப்பர்' என்று மொழிபெயர்த்தவர் எவரோ, அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பெயரிலேயே அப்பா என்று பொருளில்லாத இத்தனை பேருக்கும் அப்பரைக் கொடுத்த நாம், அப்பா என்றே பெயருள்ள ஒருவருக்கு மட்டும் ஆண்டவரையும் அரசரையும் கொடுத்தோம்! இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் 'திருத்தந்தை' என்ற சொல் நம்மிடையே பரவியபோது, தமிழைப் புதுப்பிக்கிறார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நம் பார்வையில் அது புதுமையல்ல. நௌசிக்கா தன் தகப்பனைக் கூப்பிட்ட பொருளும், செவேருஸ் கல்லில் வெட்டிய பொருளும் தமிழுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்தது அந்தச் சொல்லில்தான்.

ஆனாலும் பழைய சொல் எளிதில் போவதில்லை. 1986 பிப்ரவரி 5 அன்று இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்து சாந்தோமையும் பரங்கிமலையையும் தரிசித்தபோது, ஊர் ஊராகப் புறப்பட்ட சனம் 'பாப்பாண்டவரைப் பார்க்கப் போறோம்' என்றுதான் சொல்லிக்கொண்டு போனது. அப்போது பள்ளிப் பிள்ளைகளாயிருந்த எம் தலைமுறைக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் இன்றும் பாப்பரசர் என்றே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். நம் பங்கிலேயே சென்ற ஆண்டு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "ஃபாதர், எங்க அப்பாயி பாப்பாண்டவர்ங்கிறாங்க. படத்துல பார்த்தா தாத்தாவா இருக்காரே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஜார்ஜியாவில் பாப்பா என்றால் தாத்தாதான் என்று அவனுக்குச் சொல்லிவைத்தோம். அவனுடைய அப்பாயி ஞாயிறு பூசை முடிந்து நம்மிடம் வந்து, "சாமி, நான் சொன்னது தப்புங்களா?" என்று கேட்டார்கள். தப்பில்லை, அப்படியே சொல்லுங்கள் என்றோம்.

நம் பங்கின் பழைய குடும்பங்களில் பரண்மேலும் பெட்டிக்குள்ளும் செபப் புத்தகங்களும், ஞானோபதேசக் குறிப்பிடங்களும், கையெழுத்துப் பிரார்த்தனை ஏடுகளும் இன்னும் இருக்கக்கூடும். திருத்தந்தைக்காக வேண்டும் இடத்தில் அவரை என்ன பெயரால் அழைத்திருக்கிறார்கள் என்று பார்க்க விரும்புகிறோம். கறையான் அரிப்பதற்கு முன் அவற்றைப் பங்கு இல்லத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு, எடுத்த அன்றே கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவோம்.